திருவுளச்சீட்டும் காகித ஹெலிகாப்டரும்: தென்கடல் ஓரத்தில் ஒரு சோதனை

மே மாதத்தில் எங்கள் கடற்கரைக்கு இரண்டு விடுமுறைகள் சேர்ந்து வரும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் கரையோரம் கட்டிக் கிடக்கும். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். இந்தப் பக்கத்தை நாங்கள் தென்கடல் என்போம். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல். உச்சிப்புளியில் ‘பருந்து’ கடற்படை விமானதளம் 2009-இல் செயல்படத் தொடங்கியது முதல் ஹெலிகாப்டர் சத்தம் எங்கள் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. அதனால்தான் மாலை வகுப்புக்கு வரும் 12 பிள்ளைகளுக்கும் கோடைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசித்தபோது காகித ஹெலிகாப்டர் நினைவுக்கு வந்தது.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சோதனை வடிவமைப்பு என்ற கலையை அங்கேதான் கற்றேன். முதல் நாள் பயிற்சியில் எங்கள் எல்லார் கையிலும் ஒரு கத்தரிக்கோலையும் காகிதத்தையும் கொடுத்தார்கள். உலகில் பல இடங்களிலும் பொறியாளர்களுக்கு இதை இப்படித்தான் தொடங்கி வைக்கிறார்கள். இந்தப் பயிற்சியைப் பரவலாக்கியவர் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ். 1992-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு காகித ஹெலிகாப்டர் வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. விலையுயர்ந்த இயந்திரத்தில் ஒரு வாரம் எடுக்கும் சோதனையின் எல்லாச் சிக்கல்களும் இந்தக் காகிதத் துண்டில் பத்து நிமிடத்தில் எதிர்ப்படும். எதுவும் உடையாது, யாருக்கும் நட்டமில்லை.

செய்வது எளிது. ஏ4 தாளை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் 7 செ.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒரு பட்டையின் மேல்பாதியை நடுவில் பிளந்து, ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றைப் பின்பக்கமும் மடித்தால் இரண்டு இறக்கைகள். அதற்குக் கீழே 3 செ.மீ. உடல். அதற்கும் கீழே, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து ஒடுக்கிய வால். வாலின் நுனியில் வேண்டுமானால் ஒரு காகித கிளிப். உயரத்திலிருந்து விட்டால், கீழிருந்து மோதும் காற்று இரண்டு இறக்கைகளையும் சற்றே மேல்நோக்கி வளைக்கும். வளைந்த இறக்கைகளின் மேல் காற்றின் தள்ளல் ஒன்றுக்கு இடப்புறமாகவும் மற்றொன்றுக்கு வலப்புறமாகவும் விழும். அவை ஒரே கோட்டில் இல்லாததால் முழு உருவமும் சுழலத் தொடங்கும். தணக்கு மரத்தின் இரட்டை இறக்கைக் காய் சுழன்றுகொண்டே இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

கேள்வி ஒன்றுதான்: ஒரே உயரத்திலிருந்து விட்டால் அதிக நேரம் காற்றில் நிற்கும் ஹெலிகாப்டர் எது?

முதல் நாளும் செல்லாத 20 எண்களும்

முதல் நாள் புயல் காப்பகத்தின் மாடித் தாழ்வாரத்தில் நின்று, வெளியே திறந்தவெளியில் விட்டோம். இறக்கை நீளம் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு. காலை ஏழரை மணிக்குத் தொடங்கி 8 செ.மீ. இறக்கை கொண்ட பத்தை விட்டோம். பிறகு பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து 11 மணிக்கு மேல் 12 செ.மீ. இறக்கை கொண்ட பத்தை விட்டோம்.

குட்டை இறக்கைக்குச் சராசரி 2.9 விநாடி. நீள இறக்கைக்கு 5.2 விநாடி. ஒன்று 9 விநாடி மிதந்து, சுற்றுச்சுவரைத் தாண்டிப் பனை மட்டையில் போய்ச் செருகிக்கொண்டது. பிள்ளைகள் கூச்சலிட்டுக் குதித்தார்கள். நானும் குறிப்பேட்டில் “நீளம் கூடினால் நேரம் ஏறக்குறைய இருமடங்கு” என்று எழுதிவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருக்கும் ஒரு பெண் மட்டும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். “அக்கா, காலையில் அப்பா வள்ளத்தைக் கரையேற்றும்போது காற்றே இல்லை. இப்போதுதானே கச்சான் கிளம்பியிருக்கிறது? குட்டை இறக்கையை இப்போது விட்டால் எவ்வளவு வரும்?” என்றாள்.

குட்டை இறக்கையில் மூன்றை எடுத்து விட்டோம். 5.1, 4.4, 6.0.

கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. அது கட்டடத்தின் சுவரில் மோதி மேலே எழும்பும்போது காகிதத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. காலை முழுவதும் நாங்கள் அளந்தது இறக்கை நீளத்தை மட்டும் அல்ல, கடிகார நேரத்தையும் சேர்த்துத்தான். குட்டை இறக்கை எல்லாம் காற்றில்லாத வேளையிலும் நீள இறக்கை எல்லாம் காற்றுள்ள வேளையிலும் பறந்துவிட்டன. எழுதிவைத்த 20 எண்களிலிருந்து இந்த இரண்டையும் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. இன்னும் நூறு முறை அதே வரிசையில் விட்டிருந்தாலும் அதே தவறுதான் நூறு மடங்கு உறுதியோடு கிடைத்திருக்கும்.

தொழிற்சாலையிலும் இதே தவறைப் பார்த்திருக்கிறேன். பழைய அச்சில் வார்த்த பொருள்கள் எல்லாம் காலை ஷிப்ட், புதிய அச்சில் வார்த்தவை எல்லாம் இரவு ஷிப்ட் என்று ஒருமுறை அமைந்துவிட்டது. புதிய அச்சு சிறந்தது என்று அறிக்கை போனது. உண்மையில் இரவில் உலையின் வெப்பம் ஏறி இறங்காமல் நிலையாக இருந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே ஒரு மாதம் பிடித்ததை இங்கே ஒரு பெண் கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளிடம் குறிப்பேட்டைக் காட்டி, 20 எண்களின் குறுக்கே அவர்கள் கையாலேயே கோடு போடச் சொன்னேன். கிழித்துப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது முறை எப்படி அமைத்தோம்

காற்றை நிறுத்த முடியாது, அதிலிருந்து விலகலாம். புயல் காப்பகத்தின் உள்ளே மாடிப்படி சுற்றி ஏறும் நடுவெளி இருக்கிறது. மேல்தளக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழ்த்தளம் வரை 3.6 மீட்டர், 12 அடிக்குச் சற்றுக் குறைவு. ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டால் ஊதுபத்திப் புகை நேராக மேலே போகிறது. அதைக் கொளுத்திப் பார்த்த பிறகே தொடங்கினோம்.

ஆனால் உள்ளே வந்துவிட்டதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. வெயில் ஏற ஏறக் கட்டடத்துக்குள் காற்று சூடாகும். கடலோர ஈரத்தில் தாள் தளரும். இரவு முழுவதும் மேசையில் கிடந்த தாளைக் காலையில் தொட்டால் துணி போல இருக்கும். அறுத்து மடிக்கும் கை களைக்கும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் பையன் பழகப் பழக வேகமாவான். இவற்றில் பாதி எங்கள் கண்ணுக்குத் தெரியும், பாதி தெரியாது. தெரியாத காரணங்களுக்கும் சேர்த்து ஒரே மருந்து, விடும் வரிசையை மனிதர் முடிவு செய்யாமல் இருப்பதுதான்.

1919-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் பிஷர் இதை வயல்களில் கண்டார். ஒரே வயலில் ஒரு மூலை வளமாகவும் இன்னொரு மூலை சவராகவும் இருக்கும். எந்த உரத்தை எந்தப் பாத்திக்குப் போடுவது என்பதை ஆய்வாளரே தேர்ந்தெடுத்தால், அவர் அறியாமலே நல்ல பாத்தியை நல்ல உரத்துக்குக் கொடுத்துவிடலாம். சமவாய்ப்பு முறையில் பிரித்தால், மண்ணின் வேறுபாடு எந்த உரத்துக்கும் சார்பாக நிற்காது. அதோடு, அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நேர்மையாகக் கணக்கிடவும் வழி கிடைக்கும்.

பிள்ளைகளுக்குச் ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “திருவுளச்சீட்டுப் போடுவோம்” என்றேன். அவ்வளவுதான். செய்யவிருந்த 8 வகை ஹெலிகாப்டருக்கும் 8 சீட்டுகளை எழுதிச் சுருட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கூட்டத்திலேயே சின்னவனை எடுக்க வைத்தார்கள். சண்டை வரும் இடத்தில் எல்லாம் எங்கள் ஊர் செய்வது அதுதான். எடுத்த பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே வந்துவிட்டது. சோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு மிக முக்கியம். சீட்டு எடுத்த பிறகு “இது தொடர்ந்து மூன்று குட்டை இறக்கையாக வருகிறதே, கொஞ்சம் கலைத்து எடுப்போம்” என்று தொடங்கினால் குலுக்கியதே வீண்.

மாற்றியவை மூன்று. இறக்கை 8 செ.மீ. அல்லது 12 செ.மீ. வால் 6 செ.மீ. அல்லது 10 செ.மீ. கிளிப் இல்லை அல்லது ஒன்று. இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8 கூட்டுகள். அந்த எட்டையும் செய்வது என்று முடிவு.

இங்கே ஒரு பையன் மறுத்தான். “ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்களே, அக்கா?” நியாயமான கேள்வி. நம் பாடப் பழக்கத்தில் ஊறிய விதி அது. மூன்றையும் கண்டபடி மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. அந்த வகையில் விதி சரிதான். ஆனால் எட்டுக் கூட்டுகளையும் முழுமையாகச் செய்யும்போது கண்டபடி என்பது இல்லை. நீள இறக்கை நான்கு, குட்டை இறக்கை நான்கு. ஒவ்வொரு நான்கிலும் வால், கிளிப் எல்லா நிலைகளும் சம எண்ணிக்கையில் இருக்கும். அதனால் நான்கையும் நான்கையும் ஒப்பிடும்போது மற்றவை தம்மைத்தாமே சமன் செய்துகொள்கின்றன. ஒவ்வொரு விடுதலும் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது. 16 ஹெலிகாப்டரில் எங்களுக்குக் கிடைத்த துல்லியத்தை ஒன்றொன்றாக மாற்றும் வழியில் பெற வேண்டுமானால் 32 தேவைப்படும்: அடிப்படை மாதிரி 8, பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 8. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எண்கள் வந்த பிறகுதான் அவனுக்கு அது தெரிந்தது.

இரண்டு சனிக்கிழமைகள். ஒவ்வொரு நாளும் எட்டுக் கூட்டுகளும் ஒருமுறை முழுதாக. நாளுக்கு நாள் ஈரம் மாறினாலும் எட்டும் சேர்ந்தே பாதிக்கப்படும். நண்டு வலைப் பெண்ணுக்கு இது வீட்டுச் செய்தி. புது நூல் வலையையும் பழைய வலையையும் அவளுடைய அப்பா ஒப்பிடும்போது, ஒரே கயிற்றில் துண்டு மாற்றித் துண்டு கட்டி ஒரே இரவில்தான் போடுவாராம். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று போட்டால் கடல் வேறு கடலாகிவிடும் என்பாராம். பிஷர் வயலைத் தொகுதிகளாகப் பிரித்ததும் இதே எண்ணத்தில்தான்.

16 ஹெலிகாப்டரையும் புதிதாகச் செய்தோம். இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஒரே ஹெலிகாப்டரை இரண்டு நாளும் விட்டால் தெரிவது கடிகாரத்தின் பிழையும் கைநடுக்கமும் மட்டுமே. அடுத்த முறை அதே அளவில் இன்னொன்று செய்தால் அது எப்படிப் பறக்கும் என்பது தெரியாது. நமக்கு வேண்டியது வடிவத்தைப் பற்றிய பதில்; அந்த ஒற்றைக் காகிதத்தைப் பற்றியது அல்ல. ஒவ்வொன்றையும் மூன்று முறை விட்டு, சராசரியை ஒரே எண்ணாக எழுதினோம்.

மடிப்பு வேலை முழுவதையும் ஒரே பெண் செய்தாள். இறக்கை மடியும் கோட்டில் அடிக்கோலை வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பாகத் தேய்ப்பாள். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். வியர்வை பட்ட இடத்தில் தாள் உப்பி, இறக்கை ஒருபக்கம் தொங்கிவிடும் என்பதை முதல் நாளே அவள் கண்டுபிடித்திருந்தாள். செய்யும் வரிசையும் சீட்டுக் குலுக்கித்தான். இல்லையென்றால் கடைசியில் செய்தவை எல்லாம் களைத்த கையின் வேலையாக ஒரு பக்கம் சேர்ந்துவிடும்.

எண்கள் சொன்னவை

இரண்டு நாள்களின் சராசரி, விநாடிகளில்:

குட்டை இறக்கை, குட்டை வால், கிளிப் இல்லை: 2.90
நீள இறக்கை, குட்டை வால், கிளிப் இல்லை: 3.28
குட்டை இறக்கை, நீள வால், கிளிப் இல்லை: 2.68
நீள இறக்கை, நீள வால், கிளிப் இல்லை: 3.20
குட்டை இறக்கை, குட்டை வால், கிளிப் உண்டு: 2.44
நீள இறக்கை, குட்டை வால், கிளிப் உண்டு: 3.32
குட்டை இறக்கை, நீள வால், கிளிப் உண்டு: 2.30
நீள இறக்கை, நீள வால், கிளிப் உண்டு: 3.08

இதைப் பிள்ளைகளே கூட்டி வகுத்தார்கள். நீள இறக்கை நான்கின் சராசரி 3.22, குட்டைக்கு 2.58. ஆக, இறக்கை நீளத்தின் விளைவு 0.64 விநாடி ஏற்றம். முதல் நாள் திறந்தவெளியில் எழுதிய 2.3 விநாடி ஏற்றம் எங்கே, இது எங்கே! வால் நீண்டால் 0.17 விநாடி குறைவு. கிளிப் போட்டால் 0.23 விநாடி குறைவு.

இவை எதிர்பார்க்கக் கூடியவையே. சுழலும் ஹெலிகாப்டர் சீக்கிரமே ஒரு நிலையான வேகத்தை அடைந்துவிடும். எடையும் காற்றுத் தடையும் சமமாகும் வேகம் அது. தடை, இறக்கை வரையும் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு இறக்கை நீளத்தின் இருபடியாக வளரும். எடையோ தாளின் பரப்பைப் பொறுத்து மெதுவாகவே கூடும். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் முழுதும் சேர்ந்து 5 கிராம். அதில் வாலுக்கு 4 செ.மீ. கூடுதலாக விட்டால் சுமார் 0.22 கிராம் சுமை ஏறுகிறது. குட்டை இறக்கை ஹெலிகாப்டர் மொத்தமே ஒரு கிராம் அளவுதான் என்பதால் அது சிறிய சுமையல்ல.

ஆனால் கிளிப்பின் சராசரி விளைவை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. பிரித்துப் பாருங்கள். குட்டை இறக்கையில் கிளிப் போட்டால் 0.42 விநாடி இழப்பு. நீள இறக்கையில் இழப்பு வெறும் 0.04. ஒரே கிளிப், ஒரே எடை; இறக்கை மாறினால் அதன் குணமே மாறுகிறது. இதைத்தான் இடைவினை என்கிறோம். மறுத்த பையனிடம் பலகையில் எழுதிக் காட்டினேன். ஒன்றை மட்டும் மாற்றும் வழியில் குட்டை இறக்கையிலிருந்து தொடங்கியிருந்தால், முதலில் கிளிப்பைப் போட்டுப் பார்த்து, 2.90 என்பது 2.44 ஆனதைக் கண்டு, “கிளிப் கெடுதல்” என்று முடிவுகட்டி மூலையில் எறிந்திருப்போம். பிறகு நீள இறக்கைக்கு வந்தபோது கிளிப் கையில் இருந்திருக்காது. அவன் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து 0.42-க்கும் 0.04-க்கும் இடையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் அவர்களுக்குப் பாதிதான் கற்றுக்கொடுத்திருப்பேன். ஒரே கூட்டில் இரண்டு நாளும் வந்த எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தோம். ஆறு கூட்டுகளில் விலகல் 0.12-க்குள். கிளிப் இல்லாத நீள இறக்கை இரண்டில் மட்டும் அது மிகப் பெரிது: குட்டை வாலில் 2.83, 3.73, நீள வாலில் 2.95, 3.45. எல்லாவற்றையும் சேர்த்துப் பிழையைக் கணக்கிட்டால், ஒரு விளைவின் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் மட்டுமே அது எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, 0.13 விநாடி வருகிறது. அதன் இருமடங்கான 0.26-க்குள் இருக்கும் எதையும் இந்த 16 எண்களை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இறக்கை நீளம் மட்டுமே அந்தக் கோட்டைத் தெளிவாகத் தாண்டுகிறது. வால், கிளிப், இறக்கையும் கிளிப்பும் சேர்ந்த இடைவினை மூன்றுமே உள்ளே நிற்கின்றன.

பிள்ளைகள் முகம் வாடியது. எனக்கோ அந்த விலகல்தான் இருப்பதிலேயே சுவையான செய்தியாகப் பட்டது. 2.83 விநாடி வந்த ஹெலிகாப்டரை மறுபடி எடுத்து விட்டுப் பார்த்தோம். விட்டவுடன் அது சுழலவில்லை. பக்கவாட்டில் புரண்டு, ஒரு மீட்டருக்கு மேல் விழுந்த பிறகே வால் கீழே வந்து இறக்கை விரிந்து சுழலத் தொடங்கியது. 3.73 வந்ததோ கையை விட்டதும் சுழன்றது. நீள இறக்கை மேலே கனக்கும்போது, கீழே இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லையென்றால் இந்தத் தடுமாற்றம் சில நேரம் வரும், சில நேரம் வராது.

உறுதிசெய்ய 10 புதிய ஹெலிகாப்டர்கள் செய்தோம். எல்லாம் நீள இறக்கை, குட்டை வால். ஐந்தில் கிளிப், ஐந்தில் இல்லை. வரிசை வழக்கம்போல் டப்பாவிலிருந்து.

கிளிப் உள்ளவை: 3.29, 3.35, 3.27, 3.38, 3.31. சராசரி 3.32.
கிளிப் இல்லாதவை: 3.71, 2.78, 3.66, 2.96, 3.69. சராசரி 3.36.

இரண்டு சராசரியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதல் வரிசையில் பெரியதுக்கும் சிறியதுக்கும் இடைவெளி 0.11 விநாடி, இரண்டாவதில் 0.93. கிளிப் நேரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நிதானத்தைக் கொடுக்கிறது. கிளிப் இல்லாதது சரியாகச் சுழன்றால் 3.7 வரை போகிறது, புரண்டால் மூன்றுக்குக் கீழே விழுகிறது. தொழிற்சாலையில் நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். சராசரி மட்டும் எழுதிய அறிக்கையில் இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றாகவே தெரியும்.

ஏறிப் பார்த்தது

அடுத்த கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது: எடை கூடாமல் நிதானம் மட்டும் கிடைக்குமா? மடிப்பு வேலை செய்த பெண் வாலின் நுனியை ஒரு செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி இரண்டு முறை மடித்து நகத்தால் அழுத்தினாள். தாளின் எடை அதேதான். அது கீழே ஓரிடத்தில் திரண்டது, நுனியும் விறைப்பானது. புதிதாக ஐந்து செய்து விட்டதில் 3.58, 3.62, 3.55, 3.64, 3.61. சராசரி 3.60, இடைவெளி 0.09. கிளிப்பின் நிதானமும் கிளிப் இல்லாததன் நேரமும் ஏறக்குறைய சேர்ந்தே வந்துவிட்டன.

பிறகு, எந்தத் திசை ஏற்றம் என்று தெரிந்துவிட்டால் அந்தத் திசையிலேயே படிப்படியாக நடந்து பார்ப்பது. ஜார்ஜ் பாக்ஸும் கே. பி. வில்சனும் 1951-இல் வேதியியல் தொழிலுக்காக வகுத்த வழி இது. இறக்கையை 13 செ.மீ. ஆக்கினோம்: மூன்றின் சராசரி 3.73. 14 செ.மீ.: 3.87. 15 செ.மீ.: 3.41. பதினைந்தில் இறக்கைகள் காற்றின் தள்ளலைத் தாங்காமல் வில்லாக மேலே வளைந்துவிட்டன, வட்டம் சுருங்கியது. நேர்கோட்டு ஏற்றம் முடிந்து உச்சி வந்துவிட்டது. 8, 12 என்ற இரண்டு நிலைகளை மட்டும் வைத்து “நீளம் கூடக் கூட நேரம் கூடும்” என்று எழுதியிருந்தால், அதை நம்பி 20 செ.மீ. வெட்டியவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

உச்சியில் வந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பலவற்றில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் நல்வாய்ப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் 14 செ.மீ. அளவில் இன்னும் ஐந்தைப் புதிதாகச் செய்தோம். சராசரி 3.84. ஓசூரில் எனக்குப் பயிற்சியில் தந்த மாதிரி குட்டை இறக்கை, நீள வால், கிளிப் கொண்டது. இங்கே அது 2.30 விநாடி. அதே தாள், அதே உயரம், 1.54 விநாடி கூடுதல்.

இன்னும் நான்கு சந்தேகங்கள் பாக்கி: இறக்கையின் அகலம், தாளின் வகை, மடிப்பின் கோணம், உடல் பகுதியின் நீளம். நான்கையும் முழுதாகச் செய்தால் 16 கூட்டுகள். பாதியை மட்டும் செய்தும் தப்பிக்கலாம். மூன்று காரணிகளுக்கு, அதாவது மாற்றிப் பார்க்கும் அம்சங்களுக்கு, எட்டுக் கூட்டுகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு நிலைக்குக் கூட்டல் குறி, மற்ற நிலைக்குக் கழித்தல் குறி போட்டு, மூன்று குறிகளின் பெருக்கல் எதுவோ அதையே நான்காவது காரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். இப்படிப்பட்ட சமநிலை கொண்ட அட்டவணைகளின் கணிதத்தை 1940-களில் விரிவாக்கியவர் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ். விலை ஒன்று உண்டு. இரண்டிரண்டாகச் சேரும் இடைவினைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அகலமும் தாளும் சேர்ந்து செய்தது எது, கோணமும் உடலும் சேர்ந்து செய்தது எது என்று பிரிக்க முடியாது. முதல் நாள் காற்றும் இறக்கை நீளமும் கலந்தது போன்ற கலப்புத்தான் இதுவும். ஆனால் இந்த முறை எது எதனோடு கலக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம், குறுக்கே கோடு போட்ட அந்த 20 எண்களுக்கு எதிர்ப்பக்கத்தில்.